மூன்றாவது துளைக்குள் பேனை எதற்கு?

வெளிநாட்டிலிருந்து வந்த சாமானொன்றின் இரண்டு ஊசிப் பிளக், நமது வீட்டு 13 அம்பியர் குதைக்குள் போகாவிட்டால் என்ன செய்கிறோம்? மேல் துளைக்குள் பேனையையோ ஈர்க்கையோ குத்திக்கொண்டு கீழே பிளக்கை அமத்துகிறோம். எனக்குத் தெரிந்த வீடுகளில் இதைச் செய்யாத வீடு குறைவு. கெட்டித்தனம் என்றும் நினைக்கிறோம். இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்கிறேன் நான்.

அந்த மேல் துளை அழகுக்கு வைத்ததல்ல. 1947இல் பிரித்தானியாவில் இந்தச் சதுர ஊசிப் பிளக்கைத் தரப்படுத்தியபோது, புவி ஊசியை மற்ற இரண்டையும் விட நீளமாக அமைத்தார்கள். அது முதலில் நுழைந்து, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் சிறு கதவைத் திறக்கும். பிள்ளைகள் கையில் கிடைத்ததை உள்ளே விடாதிருக்கத்தான் அந்தக் கதவு. நமது வீடுகளில் ஸ்கார்ப் பின் கிடக்காத அறை எது? பேனையால் கதவு திறப்பதைப் பார்த்துவிட்ட நான்கு வயதுத் தம்பிக்கு இனி அது ஒரு தடையே அல்ல.

அமெரிக்காவின் 120 வோல்ற்றுச் சாமானை இங்கே கொளுவினால் புகைந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பியச் சாமான் நம்மைப் போல 230 வோல்ற்றுக்கே செய்யப்பட்டது. எனவே வேலை செய்யும். நம்மை ஏமாற்றுவதும் அதுதான். நமது பிளக்கினுள் ஓர் உருகி உண்டு, அவர்களுடையதில் இல்லை. அங்கே குதைகளுக்குப் பெரும்பாலும் 16 அம்பியர் சுற்றுடைப்பான் காவல். இங்கோ பல குதைகளை ஒரே வளையமாக இணைத்து 32 அம்பியருக்கு விடுவதுண்டு. மெல்லிய வயர் சூடேறி உருகினாலும் அது விழாமல் இருக்கலாம். ஜேர்மனியின் தடித்த பிளக்கில் புவித்தொடுப்பு பக்கவாட்டுத் தகடாக இருக்கிறது. மலிவான அடாப்டரில் அந்தத் தகடு எதையும் தொடுவதேயில்லை.

“இத்தனை வருசமா ஒண்டும் நடக்கல்லியே” என்பார் உம்மம்மா. புவிக்கம்பிக்குத் தினமும் வேலையில்லைதான். கேத்தலின் உலோக உடலில் உயிர்க்கம்பி முட்டும் நாளில்தான் அதற்கு வேலை வரும். அன்று கேத்தலைப் பிடித்திருப்பது உம்மாவின் கை.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர ஊசியை நாட்டின் ஒரே தரமாக அறிவித்துச் சில ஆண்டுகளாகின்றன. பழைய வீட்டுச் சுவர்களில் 5, 15 அம்பியர் வட்ட ஊசிக் குதைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றச் செலவாகும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பிளக்கை மாற்ற அவ்வளவு ஆகாது.

சாதாரண தரத்தில் கபிலம் உயிர், நீலம் நொதுமல், பச்சை-மஞ்சள் புவி என்று பாடமாக்கிப் புள்ளியும் எடுத்தோம். ஆனாலும் ஒரு பிளக் மாற்ற வாப்பாவோ நானாவோ வரும்வரை காத்திருக்கிறோம். அயன், ரைஸ் குக்கர், பிளெண்டர் எல்லாவற்றையும் அன்றாடம் தொடுவது யார்? பிள்ளைகளுக்கு ஒருதரம் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள், பெற்றோரே. கடையில் புதுப் பிளக் வாங்கினால் உள்ளே பெரும்பாலும் 13 அம்பியர் உருகிதான் இருக்கும். மேசை விளக்கு போன்ற சிறிய சாமானுக்கு 3 அம்பியர் உருகியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.