கல்லூரிச் செலவு ஆறாம் வகுப்பில் தொடங்குகின்றது

செண்பகத்தோப்பில் மாங்காய் பறிக்குங் கூலியாள் ஒருவர், ஐந்தாம் வகுப்பு முடிக்கவிருக்கும் மகளை இராசபாளையத்து ஆங்கிலவழிப் பள்ளியொன்றிற் சேர்க்க மனைவியின் கம்மலை அடகு வைக்கப் புறப்பட்டார். “பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போகணுமே, ஐயா” என்றார்.

கல்லூரிக்குப் போகும் வழியையன்றோ அவர் அடைக்கின்றார்! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கே மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை முதலியவற்றுக்கும் அது விரிந்தது. அவ்வாறு சேர்வாரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டம் கல்லூரி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கிற்று. மூன்றாண்டுப் படிப்பிற்கு ஏறத்தாழ 36,000 உருபா. 2024இல் தமிழ்ப்புதல்வன் வந்தது. அரசுதவி பெறும் பள்ளியாயின் தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்பது நெறி. தமிழ் சோறு போடுமா என்று வினவுவோர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். (அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து வைத்திருக்கும் கொடுமையைத் தனியே எழுத வேண்டும்.)

தமிழ்வழியிற் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவரிடம் சொன்னேன். “ஆங்கிலம் வராதே, ஐயா?” என்றார். அரசுப் பள்ளியிலும் அது பாடந்தான் என்றேன். கம்மல் அன்று அடகுக்கடைக்குப் போகவில்லை. சூன் திங்கள் வரட்டும், பார்ப்போம்.