அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க பாத்ரூம் இருக்குமா?"



ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற ஒரு அம்மாவோட பையன் நான். அப்பர் தைக்கிற மிஷின் முன்னாடி வாரத்துல ஆறு நாள் உட்கார்ந்திருப்பாங்க. ஞாயிறு ஒண்ணுதான் லீவு. போன மாசம் ஒரு ஞாயிறு, "வாங்கம்மா, வேலூர் கோட்டைக்குப் போவோம், அகழி ஓரமா நடந்துட்டு மரத்தடியில உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம்"னு கூப்பிட்டேன். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அங்க பாத்ரூம் இருக்குமா?" பஸ் ஏறுற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஏன்னு கேட்டேன். "வழியில எங்கடா போறது?"ன்னாங்க.

இதைப் படிக்கிற பல பேர் வீட்டுல இதே கேள்வி கேட்டிருக்கும். ஆண்கள் நமக்குத்தான் அது காதுல விழறதில்லை.

2019ல மாவட்டம் மூணா பிரிஞ்சது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு. ஆனா ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட கிளம்பினா நிறைய பேருக்கு இன்னும் வேலூர் கோட்டைதான். 133 ஏக்கர். கருங்கல் மதில், சுத்தி அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், மியூசியம். வார நாள்ல போனா சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த மேற்கு வங்கக் குடும்பங்களையும் பார்க்கலாம். நோயாளியை வார்டுல விட்டுட்டு கொஞ்சம் காத்து வாங்க வர்றாங்க.

இந்த மண்ணோட வரலாறும் சாதாரணமா? 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி இந்தக் கோட்டைக்குள்ளதான் சிப்பாய்கள் கம்பெனி ஆட்சிக்கு எதிரா எழுந்தாங்க. 1857க்கு 51 வருஷம் முன்னாடி! நெத்தியில சமயக்குறி வைக்கக் கூடாது, தாடியை எடுக்கணும், தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகை போடணும்னு வந்த உத்தரவு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்து அன்னைக்கே அடக்கிடுச்சு. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தாங்க. 2006ல 200வது ஆண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

இப்படி ஒரு இடத்தை மேம்படுத்தணும்னு பேச்சு வந்தாலே என்ன சொல்றாங்க? படகு விடலாம், லைட் ஷோ போடலாம், செல்ஃபி பாயிண்ட் வைக்கலாம். படகு வரட்டும், நானும் ஏறுவேன். ஆனா இன்ஜினியரிங்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், யூசர் யாருன்னு தெரியாம டிசைன் பண்ணாதேங்கறது. கோட்டையோட யூசர் யாரு? ஒரு நாள் லீவுல வர்ற எங்க அம்மா. முட்டி வலியோட வர்ற பாட்டி. பேரனைத் தூக்கிட்டு வர்ற தாத்தா. அவங்க ரெண்டு மணி நேரம் நிம்மதியா இருக்க முடியுமான்னு பார்த்துட்டு, அப்புறம் படகு எண்ணுவோம்.

"தொல்லியல் துறை இடம்பா, சுத்தி 100 மீட்டருக்கு எதுவும் கட்ட முடியாது"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். சட்டத்தை எடுத்துப் படிங்க தோழர்களே. புராதனச் சின்னங்கள் சட்டத்துல 2010ல கொண்டுவந்த திருத்தம்தான் அந்த 100 மீட்டர் தடையைச் சொல்லுது. அதே திருத்தம், பொதுக் கழிப்பறையும் பொதுமக்களுக்கான குடிநீர் வசதியும் "கட்டுமானம்"ங்கற வரையறைக்குள்ள வராதுன்னும் சொல்லுது. அதனால சட்டத்தைக் காட்டி கழிப்பறையைத் தள்ளிப்போட முடியாது.

நம்ம கேட்கறது இவ்வளவுதான்:

1. பெண்களுக்குத் தண்ணி வர்ற, தாழ்ப்பாள் போடற, நாப்கின் போட தொட்டி இருக்கற கழிப்பறை. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் துப்புரவுப் பணியாளர் இருக்கணும். அவங்களுக்கு ஒழுங்கான சம்பளமும் வேணும்.

2. காசில்லாத குடிநீர். வேலூர் வெயில் பத்தி நான் சொல்லணுமா?

3. நடைபாதை முழுக்க நிழல் மரமும் முதுகு சாய உட்கார பெஞ்சும். வீல்சேர் போக சாய்தளம்.

4. 1806 கதையை நடந்துகிட்டே படிக்கற மாதிரி பலகைகள். தமிழ் முதல்ல, கூடவே ஆங்கிலமும் வங்காளமும்.

5. அகழி சுத்தமா இருந்த பிறகு படகு. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஒரு ஆளும் ஏறக் கூடாது.

கோட்டை மத்திய தொல்லியல் துறை கையில. உள்ளே இருக்கற அரசு மியூசியம் மாநிலத்தோடது. வெளியே ரோடு மாநகராட்சியோடது. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினா நிக்கறது நம்ம ஜனங்கதான். கலெக்டர் தலைமையில மூணு தரப்பும் ஒரே மேஜையில உட்காரட்டும். அந்த மேஜையில ஷூ கம்பெனிப் பெண்கள் ரெண்டு பேருக்கும் நாற்காலி போடணும்.

"வேலை, சம்பளம்னு ஆயிரம் பிரச்சினை இருக்கு, பார்க் பத்தி எழுதறியே"ன்னு சிலர் கேட்பீங்க. நம்ம ஊருக்கு இயற்கையே கொடுத்த பார்க் பாலாறு. தோல் கழிவு அதை என்ன பண்ணுச்சுன்னு 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புல எழுதிடுச்சு. ஆத்தங்கரையில உட்கார்ற சுகத்தை இந்தத் தொழிலுக்காக ரெண்டு தலைமுறை இழந்திருக்கு. மிச்சம் இருக்கற திறந்தவெளியில கௌரவமா ஒரு ஞாயிறு கேட்கறது ஆடம்பரம் இல்லை. அதுவும் கூலியோட ஒரு பங்குதான்.

அடுத்த ஜூலை 10 அன்னைக்கு நினைவுத்தூணுக்கு மாலை போடப் போற தோழர்கள், அப்படியே கோட்டையை ஒரு சுத்து சுத்துங்க. வீட்டுல அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க என்ன கேட்கறாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா கொடுப்போம்.

ஷேர் பண்ணுங்க. முக்கியமா, வீட்டுல இருக்கற பெண்களுக்கு அனுப்புங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி, ஆம்பூர்

#வேலூர்கோட்டை #ஞாயிறுநம்மஉரிமை #ஜூலை10