குக்கூவும் குயிலும்

ஆங்கிலத்துக் ‘குக்கூ’, வடமொழிக் ‘கோகிலம்’, தமிழ்க் ‘குயில்’ ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து, இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பார் உளர். அவற்றுள் தமிழே தாய் என முடிப்பாரும் உளர். மொழிப்பற்றுப் போற்றற்குரியது, ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்ட இம்முடிபு ஏற்றற்குரியதன்று.

பறவை கூவுகின்றது, கேட்ட மக்கள் தத்தம் வாய்க்கு இயைந்தவாறு அவ்வொலியைப் பெயராக்குகின்றனர். ஐரோப்பியக் குக்கூவும் நம் குயிலும் ஒரு குடும்பத்துப் பறவைகளே. ஒலிக்குறிப்பிற் பிறந்த பெயர்கள் ஒத்திருத்தற்குச் செவியே காரணமாகலாம்; குருதியுறவு வேண்டுவதில்லை.

உறவை அறிவிப்பது வரலாறு. பழைய ஆங்கிலத்தில் இப்பறவைக்கு வேறு பெயர் இருந்தது. அதன் இனச்சொல்லாகிய ‘கௌக்’ ஸ்கொட்லாந்தில் பறவையையும் மூடனையும் குறிக்கும். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் புகுந்த பிரெஞ்சுச் சொற்களின் வழியே ‘குக்கூ’ வந்து, பழம்பெயரை ஒதுக்கிற்று. மனைவியால் வஞ்சிக்கப்பட்டவனைக் ‘கக்கல்ட்’ என்றது, பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் இதன் இயல்பு பற்றியாம். பின்னர் அறிவிலி என்றும், 20ஆம் நூற்றாண்டில் பித்துக்கொண்டவர் என்றும் பொருள் விரிந்தது. கிரேக்கரோ, இப்பறவையின் அலகை ஒத்ததென்று முதுகெலும்பின் நுனிக்குத் தம் மொழியில் இதன் பெயரையே இட்டனர். நம் உயிரியல் நூல்கள் அதனைக் ‘குயிலலகு’ என்கின்றன.

இதற்கு மறுதலையும் உண்டு. புறாவைக் குறிக்கும் ‘பிஜன்’, குழலைக் குறிக்கும் ‘பைப்’ ஆகிய ஆங்கிலச் சொற்களிடையே எவ்வுறவும் செவிக்குப் புலனாகாது. ஆயினும் இரண்டும் குஞ்சின் கீச்சொலியைப் பின்பற்றிய இலத்தீன் சொற்களின் வழிவந்தவை. செவியை மட்டும் நம்புவோர் இல்லாத உறவைக் காண்பர். உள்ள உறவைக் காணாது விடுவர்.

தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் இலக்கணமும் சான்று பகர்கின்றன. அவற்றோடு ஒரு போலிச் சான்றைச் சேர்ப்பின், கேட்போர் மெய்ச் சான்றுகளையும் ஐயுறுவர். ஆதலின், இரு சொற்களுக்கு உறவு கூறப் புகும் மாணவர், அவை எக்காலத்தில், எவர் வழியாக, எவ்வடிவில் வந்தன என்று முதலில் வினவுவாராக. விடை தமிழுக்குச் சார்பாக அமையாவிடினும் அதனை அஞ்சாது ஏற்பதே கற்றோர்க்கு அழகு. தமிழுக்கும் அதுவே தொண்டு.