அடித்தல் திருத்தல் உள்ள நோட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சிவில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, கூடத்து மேசையில் இரண்டு நோட்டுகளை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று அழுக்கேறிய அப்சர்வேஷன் நோட்டு. மற்றொன்று அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு. முதலாவதைப் பார்த்து இரண்டாவதில் அழகாக எழுதுகிறாள் என்று நினைத்தேன். அருகில் போய்ப் பார்த்தால் மேசையில் ரப்பர் தூள்.

முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்த கண் சும்மா இருக்காது. அப்சர்வேஷன் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓர் எண் இருந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தது.

"இங்கே முதலில் என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"1.485, தாத்தா. 1.460 ஆக்கிட்டேன். இல்லைன்னா க்ளோஸ் ஆகாது. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

விஷயம் இதுதான். டம்பி லெவல் வைத்துத் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டே மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். உயரம் தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி அதே புள்ளியில் முடிக்க வேண்டும். 10.000 மீட்டரில் தொடங்கினால் 10.000 மீட்டரில் முடிய வேண்டும். இவர்களுக்கு 10.025 வந்துவிட்டது. 25 மில்லிமீட்டர் பிசகு. அந்தச் சிறு தூரத்துக்கு அனுமதிக்கும் அளவைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே பேக் சைட் பத்தியில் ஓர் எண்ணில் 25 மில்லிமீட்டரைக் குறைத்தாள். கணக்கு நேராகிவிட்டது. பேக் சைட் கூட்டுத்தொகைக்கும் ஃபோர் சைட் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம், முதல் உயரத்துக்கும் கடைசி உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. அதுவும் ஒத்துப்போகும். அந்தச் சரிபார்ப்பு கூட்டல் கழித்தல் தவறைத்தான் பிடிக்கும். பொய்யான எண்ணைப் பிடிக்காது.

எனக்குக் கோபம் வரவில்லை. காரணம், அழித்து எழுதுவதில் நானே ஒரு காலத்தில் கெட்டிக்காரன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஐம்பதுகளின் கடைசியில் நம்மூரில் அப்படிப் படித்தவர்களுக்கு அந்தக் கட்டம் போட்ட கையே நினைவிருக்கும். 8 மில்லிமீட்டர் கட்டம், அதற்குள் 2 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு, இடது பக்கம் சிவப்பு ஓரக்கோடு. எங்களுக்கு இரண்டு நோட்டுகள். ஒன்று புருயோன், அதாவது கிறுக்கல் நோட்டு. மற்றொன்று சுத்த நோட்டு. சுத்த நோட்டில் ஓர் அடித்தல் இருந்தால் முசியே மார்க்கைக் குறைப்பார். அதனால் பிளேடு முனையால் மையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் எழுதுவோம். வருஷக் கடைசியில் சுத்த நோட்டு அலமாரிக்குப் போகும். புருயோன் பொட்டலம் கட்டப் போகும்.

நான் எங்கே தடுமாறினேன், எப்படிச் சரியான வழிக்கு வந்தேன் என்பதெல்லாம் அந்தப் பொட்டலக் காகிதத்தில்தான் இருந்தது என்பது அப்போது தெரியாது. இன்றைக்கு ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடும் கல்லூரிகளும் அதையேதான் செய்கின்றன. நடந்ததை எழுதிய நோட்டுக்கு மதிப்பில்லை. பார்த்து எழுதிய நோட்டுக்கு மார்க்.

எனக்குப் புத்தி வந்தது ஆபீசில். பேத்தியிடம் அந்தக் கதையைத்தான் சொன்னேன்.

எழுபதுகளில், கட்டட வேலை சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தர். அங்கே எம்.புக் என்று ஒன்று உண்டு. அளவுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளைக் கிழிக்கக்கூடாது. வேலை நடக்கும் இடத்திலேயே அளந்து, அங்கேயே எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் சுரண்டக்கூடாது. ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தப் புத்தகம்தான் ஆதாரம்.

எங்களிடம் இரண்டு ஜே.இ.க்கள். ஒருவருடைய எம்.புக்கைத் தொட்டால் கையில் மண் ஒட்டும். பக்கத்துக்கு நாலு அடித்தல். மற்றவருடையது முத்து முத்தான கையெழுத்து. "புத்தகம்னா இப்படி இருக்கணும் சார்" என்று நானே அவரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் வேலையிடத்தில் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எம்.புக்கில் ஏற்றுவார். காகிதத்தைப் பிறகு எறிந்துவிடுவார்.

ஒரு கால்வாய் வேலையில் அஸ்திவாரக் கான்கிரீட் குறைவு என்று மொட்டைக் கடுதாசி வந்தது. அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விட்டால் மறுபடி அளப்பது சுலபமில்லை. புத்தகத்தைக் கேட்டார்கள். பன்னிரண்டு நாள் அளவுகள், ஒரே மை, ஒரே சாய்வு, ஓர் அடித்தல்கூட இல்லை. விசாரித்த அதிகாரி முதலில் கேட்ட கேள்வி, "இது இடத்தில் எழுதியதா, வீட்டில் எழுதியதா?" என்பதுதான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு பைசா தொட்டவர் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை ஆதாரமாகாது. அவருடைய இன்கிரிமென்ட் நின்றது. மண் ஒட்டிய புத்தகக்காரரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மெச்சிய எனக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை.

பெரியவர்கள் நோட்டு வைத்த கதையைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. நம்மூர் ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். நாள், கிழமை, பல இடங்களில் நேரம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அன்றன்றைக்கு எழுதியதால்தான் சரித்திரக்காரர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். வயதான பிறகு நினைவிலிருந்து எழுதியிருந்தால் அதற்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

அமெரிக்காவில் கார்டன் கூல்ட் என்று ஒரு மாணவர், முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். 1957 நவம்பரில் லேசர் பற்றிய தன் யோசனையை ஒரு நோட்டில் எழுதி, மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒரு நோட்டரியிடம், நம்மூர்ப் பழைய வழக்கில் சொன்னால் நொத்தேரிடம், முத்திரை வாங்கிக்கொண்டார். காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதில் அவர் பிந்திவிட்டார். மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பல ஆண்டு வழக்காடி, 1977-லும் அதற்குப் பிறகும்தான் அவருக்கு முக்கியமான காப்புரிமைகள் கிடைத்தன. அந்த நீண்ட போராட்டத்தில் அவர் காட்ட முடிந்த பெரிய சாட்சி, தேதியிட்ட அந்த நோட்டுதான்.

நோட்டு தன் சொந்தக்காரருக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். எங்கள் பள்ளிப் பாடத்தில் லூயி பஸ்தேர் கிட்டத்தட்ட ஒரு தெய்வம். 1881-இல் புய்யி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஊரறிய ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டு வெற்றி கண்டார். காற்றின் பிராணவாயுவால் கிருமியை வலுவிழக்கச் செய்யும் தன் முறையில்தான் அந்த மருந்து தயாரானது என்று எல்லோரும் எண்ணும்படி விட்டார். அவருடைய சொந்தக் குறிப்பேடுகளில் வேறு விதமாக இருந்தது. பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனத்தைக் கொண்டு தயாரித்த மருந்து அது. குடும்பத்தார் பாதுகாத்த அந்தக் குறிப்பேடுகள் பிற்பாடு பாரிஸ் தேசிய நூலகத்துக்கு வந்தன. 1995-இல் கைசன் என்ற சரித்திர ஆசிரியர் இதைப் புத்தகமாகவே எழுதினார். வெளியே என்ன சொல்லியிருந்தாலும் பஸ்தேர் தன் குறிப்பேட்டில் செய்ததைச் செய்தபடி எழுதினார். அந்த அளவுக்கு அவர் விஞ்ஞானிதான்.

சரி, மாணவர்கள் எப்படி நோட்டு வைக்க வேண்டும்? நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால் எம்.புக் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். தைத்துக் கட்டிய நோட்டு வேண்டும். தாள் கழற்றும் நோட்டு வேண்டாம். எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களுக்கும் எண் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விட வேண்டும். ஒவ்வொரு நாளும் தேதி, இடம், கூட இருந்தவர்கள், எந்தக் கருவி, அதன் எண். கருவியில் கண்ட அளவை முதலில் எழுதி, அலகைக் குறித்து, பிறகுதான் கணக்குப் போட வேண்டும். தவறினால் ஒரே கோடு. அடியில் இருக்கும் எண் படிக்கும்படி தெரிய வேண்டும். மழை, வியர்வை காரணமாக சர்வே நோட்டில் பென்சிலால் எழுதுவது உண்டு. அப்போதும் ரப்பர் கூடாது. சரியாக வராததையும் எழுத வேண்டும். ஏன் வரவில்லை என்று தோன்றுவதையும், தோன்றுவதுதான் என்று சொல்லியே எழுத வேண்டும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், போனில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். தாராளமாக எடுக்கட்டும். கம்ப்யூட்டரில் தேடுவது சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திருத்தினால் பழையதும் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

பேத்தி கதையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு 1.460-ஐ ஒரு கோடாக அடித்து, பக்கத்தில் 1.485 என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டாள். கீழே, பிசகு 0.025 என்று எழுதினாள். "மார்க் போனா நீங்கதான் பொறுப்பு தாத்தா" என்றாள்.

மார்க் போனதுதான். ஆனால் ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி அளந்து வரச் சொன்னாராம். எங்கே தவறியிருக்கும் என்று நால்வரும் நோட்டைப் புரட்டியபோது, குறிப்புப் பத்தியில் ஓர் இடத்தில் "குழாயடி, ஈர மண்" என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டதாம். அங்கே கருவியை இடம் மாற்றும் இடைவெளியில் ஸ்டாஃப் மண்ணில் இறங்கியிருக்கலாம். அப்படி இறங்கினால் உயரம் கூடுதலாகத்தான் காட்டும். இம்முறை அதன் அடியில் ஒரு கல்லைப் போட்டு வைத்தார்கள். 5 மில்லிமீட்டருக்குள் முடிந்தது. அழித்த எண் அழிந்தபடியே இருந்திருந்தால் ஈர மண்ணைப் பற்றி நால்வருக்கும் தெரிந்திருக்காது. நாளைக்கு இவர்கள் மதகுக்கும் சாக்கடைக்கும் மட்டம் பார்க்கப் போகிறவர்கள்.

முதல் நாள் பக்கத்துக்கு மார்க் குறைத்தது சரியில்லை என்பது என் கருத்து. உண்மையான பிசகுக்கு மார்க் குறைத்து, பொய்யான பொருத்தத்துக்கு மார்க் போட்டால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? கல்லூரிகள் ரெக்கார்டு நோட்டை ஒழித்துவிட்டு, அப்சர்வேஷன் நோட்டுக்கே மார்க் போடலாம். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறுமுன் அன்றைய பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்து போட்டால் போதும்.

அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பேரன் பேத்தி இருந்தால், ஒரு நல்ல தைத்த நோட்டு வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். ஓர் அடித்தல்கூட இல்லை என்றால், பாராட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஏன் என்று கேளுங்கள்.