முதல் பயிற்சிக்கு வசனம் வேண்டாம்



திரைக்கலை மாணவர்களின் முதல் பயிற்சிப் படம் வசனமே இல்லாமல், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் மயிலாப்பூர் மாட வீதியில் பூ வாங்கித் திரும்புவதைப் பத்தே ஷாட்டுகளில் சொல்லச் சொன்னால், கேமராவை எங்கே வைப்பது, இடமிருந்து வலம் நடந்தவரின் திசை அடுத்த ஷாட்டில் மாறாமல் எப்படிக் காப்பது, எங்கே வெட்டுவது என ஒவ்வொன்றையும் மாணவரே முடிவு செய்தாக வேண்டும். வசனம் இருந்தால் இந்தத் தடுமாற்றங்களை அது மூடி மறைத்துவிடும். முழுநீளக் கதையையே பேச்சின்றி நடத்த முடியும் என்பதை சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ காட்டியிருக்கிறது.

திரைக்கலை கற்க உதவி இயக்குநராகச் சேர்ந்தாலே போதும் என்பார்கள் சிலர். படப்பிடிப்புத் தளம் ஒழுங்கையும் உழைப்பையும் கற்றுத்தரும். ஆனால் அங்கே முடிவெடுப்பவர் வேறொருவர், தவறு செய்து பார்க்க இடமில்லை. கைப்பேசி இருக்கக் கல்லூரி எதற்கு என்பாரும் உண்டு. கருவி மலிவானது நல்லதே. ஆனால் எடுத்ததை உட்கார்ந்து அலசும் ஆசிரியரும் சக மாணவர்களும் கைப்பேசிக்குள் இல்லை. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி உருவாக்கி 1986இல் வெற்றி கண்ட ‘ஊமை விழிகள்’, சேர்ந்து பயில்வதன் வலிமைக்குச் சான்று. தரமணி அரசுத் திரைப்பட நிறுவனம் மட்டுமின்றி, விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பை நடத்தும் எல்லாக் கல்லூரிகளும் முதல் பருவத்திலேயே இப்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அடையாறு, சென்னை.