கைதட்ட ஆளில்லாத ஆட்டம்

ஒரு விளையாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று தீர்மானிக்க நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதைப் பார்க்க எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள்? எத்தனை வீடுகளில் காப்பி ஆறிப்போவது தெரியாமல் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்கள்? கிரிக்கெட் ஆடுகிறவர்கள் 22 பேர், பார்க்கிறவர்கள் கோடிக்கணக்கானவர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தைக் கையால் தொட்டு இருபது வருஷமானவரைத்தான் நாம் 'பெரிய விளையாட்டுப் பிரியர்' என்று மரியாதையாகக் குறிப்பிடுகிறோம்.

இந்த அளவுகோலால் அளந்தால் ஓரியன்டீரிங் என்ற ஆட்டம் எந்தக் கணக்கிலும் சேராது. காரணம் எளிது: அதைப் பார்க்க முடியாது. ஆட்டக்காரர் புறப்பட்ட சில விநாடிகளில் மரங்களுக்குள் மறைந்துவிடுவார். பிறகு எப்போதோ சேறும் சிராய்ப்புமாக வெளியே வருவார். நடுவில் நடந்தது அவருக்கும் காட்டுக்கும்தான் தெரியும்.

அது என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு நிலப்படம், ஒரு திசைகாட்டி. படத்தில் வரிசை எண்ணிட்ட சிறு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், உண்மையான காட்டில், ஒரு பாறை மறைவிலோ ஓடை வளைவிலோ ஆரஞ்சும் வெள்ளையுமான துணி அடையாளம் ஒன்று தொங்கும். வரிசை தவறாமல் அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டு வர வேண்டும். குன்றைச் சுற்றிப் போவதா, ஏறி இறங்குவதா என்பது அவரவர் புத்தி. படத்தைப் புறப்படும்போதுதான் கொடுப்பார்கள். பச்சை நிறத்தைக் கண்டதும் குளிர்ச்சி என்று மகிழும் நம் கண்ணுக்கு அந்தப் படம் ஒரு பாடம் புகட்டும். அதில் வெள்ளையாக விட்டிருப்பதுதான் தாராளமாக ஓடக்கூடிய காடு. பச்சை அழுத்தமாக ஆக ஆகப் புதர் நெருக்கம். அங்கே நுழைந்தவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு வர வேண்டியதுதான். வழி சொல்லும் கைப்பேசிக்கு அங்கே இடமில்லை.

இதே ஆட்டத்தை மலைச் சைக்கிளிலும் ஆடுகிறார்கள். 2002-ல் பிரான்ஸ் தேசத்தில் அதற்கு முதல் உலகப் போட்டி நடந்தது. சைக்கிளின் கைப்பிடியில் சுழலும் பலகை. அதன் மேல் படம். பாதைகளை, எவ்வளவு வேகமாக மிதித்துப் போகலாம் என்பதற்கு ஏற்ப வகை பிரித்து வரைந்திருப்பார்கள். குலுங்கி இறங்கும் வண்டியில் இருந்துகொண்டே அடுத்த மூன்று பிரிவுகளை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் பாதையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் குறுக்கே ஓட்டக் கூடாது. வண்டி பழுதானாலும் விட்டுவிட்டு வரக் கூடாது. தோளில் தூக்கிக்கொண்டாவது வர வேண்டும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

இந்த ஆட்டத்தைச் 'சீர்திருத்த' வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் இது: "சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1977-லேயே இந்த ஆட்டத்தை அங்கீகரித்துவிட்டது. ஆனாலும் ஒலிம்பிக் பந்தயங்களில் இன்னும் இடமில்லை. ஏன்? காமிரா காட்டுக்குள் போக முடியவில்லை. ஆகவே ஆட்டம் காமிராவிடம் வர வேண்டும்."

வந்துகொண்டும் இருக்கிறது. நகரத்துச் சந்துகளிலும் படிக்கட்டுகளிலும் ஓடும் குறுகிய ஓட்டம் 2001-ல் உலகப் போட்டியில் சேர்ந்தது. பிறகு காட்டுக்கு ஓர் ஆண்டு, நகரத்துக்கு ஓர் ஆண்டு என்று பங்கு பிரித்தார்கள். 2022-ல் டென்மார்க்கில் நடந்தது முழுக்க நகர ஓட்டம். பெரிய போட்டிகளில் ஓடுகிறவர் உடம்பில் கருவியைக் கட்டி, அவர் போகும் வழியைத் திரையில் புள்ளியாகக் காட்டுகிறார்கள்.

சந்து ஓட்டத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. வேகமாக ஓடிக்கொண்டே எந்தச் சுவருக்கு வாசல் உண்டு, எதற்கு இல்லை என்று கண்டுகொள்வது லேசான காரியமல்ல. திரையில் ஊரும் புள்ளியும் இருந்துவிட்டுப் போகட்டும். என் ஆக்ஷேபணை, சொல்லப்படும் காரணத்தின் மேல். ஆடுகிறவருக்காக ஏற்பட்ட ஆட்டத்தைப் பார்க்கிறவருக்காக வளைக்க வேண்டும் என்கிறார்களே, அதன் மேல்.

"பார்வையாளர் இல்லாவிட்டால் பணம் வராது, பணம் வராவிட்டால் ஆட்டம் அழியும்" என்று பயமுறுத்துகிறார்கள். கணக்கைப் பார்க்கலாம். 1897-ல் நார்வேத் தலைநகருக்கு அருகே நடந்த முதல் பொதுப் போட்டியில் ஓடியவர்கள் 8 பேர். மைதான ஓட்டப் பந்தயங்களில் இளைஞர்களுக்கு ருசி குறைவதைக் கண்ட கில்லாண்டர் என்ற ஸ்வீடன் ராணுவ அதிகாரி, 1919-ல் ஸ்டாக்ஹோம் பக்கத்துக் காட்டுக்குள் அவர்களை இறக்கிவிட்டார். பின்லாந்தில் 1949 முதல் நடக்கும் யூகோலா அஞ்சல் ஓட்டத்தில் குழுவுக்கு ஏழு பேர்; கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டுக்குள் பாய்கின்றன. ஸ்வீடனில் 1965 முதல் நடக்கும் ஐந்து நாள் போட்டியில் பல ஆண்டுகள் பதினாயிரம் பேருக்கு மேல் ஓடியிருக்கிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு ஒரு வழி, எண்பது வயதுப் பாட்டனாருக்கு ஒரு வழி. ஓடினார்கள் என்கிறேன், பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. எட்டுப் பேர் பதினாயிரமானது எந்தக் காமிராவின் தயவால்?

இன்னும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் அவன் யோக்கியதை. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து ஓடக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதி. மரத்துக்கு மரம் நடுவரை நிறுத்த முடியுமா? சைக்கிள்காரர் நாற்பது கெஜம் குறுக்கே புகுந்து வந்தால் கேட்பார் யார்? இந்த ஆட்டம் ஆட்டக்காரரை நம்புகிறது. மற்ற ஆட்டங்களில் அவரை நம்பாமல் ஐந்து கோணத்தில் படம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குப் பலன் உண்டா? 2009-ல் ஹங்கேரியில் நடந்த உலகப் போட்டியின் அஞ்சல் ஓட்டத்தைப் பாருங்கள். கடைசிக் கட்டம். முன்னணியில் ஓடிய ஸ்வீடன் வீரர் மார்ட்டின் ஜொஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஒன்று ஆழமாகப் பாய்ந்துவிட்டது. பிரான்ஸின் தியெரி ஜியோர்ஜியூ தங்கப் பதக்கத்தை எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்தவர், நின்றுவிட்டார். நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க் நின்றார். செக் வீரர் மிஹால் ஸ்மோலாவும் நின்றார். பின்னால் யாராவது வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு மூவரும் போயிருக்கலாம். போகவில்லை. தங்கம் ஸ்விட்சர்லாந்துக்குப் போயிற்று. நின்ற மூவரின் நாடுகளுக்கும் அந்த ஓட்டத்தில் பதக்கம் இல்லை. அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது, வாஸ்தவம். விதிகள் எல்லா ஆட்டத்திலும்தான் எழுதியிருக்கின்றன.

விளையாட்டைப் பார்ப்பது பாவமில்லை. பார்த்துவிட்டுப் போங்கள், காப்பியும் குடியுங்கள். ஆனால், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதற்காக இந்த ஆட்டத்தைத் திருத்த வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: ஆட வந்தவர்களில் ஒருவராவது, தம்மைப் பார்க்க ஆளில்லை என்று காட்டிலிருந்து திரும்பிப் போனதுண்டா?