"ஸபர் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு நாங்கள் படியேறிப் போனோம்



போன தவணை எங்கட பாடசாலையில் ஒரு டீச்சருக்கு எட்டாம் மாதம். வகுப்பு மேல்மாடியில். கைபிடியைப் பிடித்து ஒரு காலை வைப்பார், நிற்பார், மற்றக் காலை இழுத்து வைப்பார். எல்லாரும் பார்த்தோம். "இன்னும் கொஞ்ச நாள்தானே, ஸபர் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து மேலே போனோம். வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லி அதிபரிடம் ஒருவர்கூட கேட்கவில்லை. பத்து நிமிட வேலை அது.

பேச வெட்கப்படும் விஷயம் என்பதால்தான் எழுதுகிறோம். கடைசி மாதங்களில் அடிவயிற்றுக்குக் கீழே முன்னெலும்பிலும், பின்பக்க இடுப்பிலும், தொடையிலும் வரும் இந்த நோவு சோம்பேறித்தனமல்ல. இடுப்பெலும்பு மூட்டுகள் தளர்ந்து, ஒரே சீராக அசையாமல் போவதால் வருவது. கர்ப்பிணிகள் ஐந்து பேரில் ஒருவருக்கு வரும் என்கிறார்கள். பிள்ளைக்கு ஆபத்தில்லை. ஆனால் தாய்க்குக் கட்டிலில் புரளவே முடியாது.

"எங்கட உம்மாமார் பத்துப் பெத்தாங்களே, இப்படியா கிடந்தாங்க?" என்று மாமிமார் கேட்கிறார்கள். அவர்களுக்கும் நொந்தது மாமி. கேட்க ஆளிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்க்கத்தை இதற்குள் இழுப்பதுதான் எங்களுக்குப் பெரிய கோபம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது எங்கட மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தொழுகைக்கே கதிரை தந்த மார்க்கம், வட்டிலப்பம் செய்ய மணிக்கணக்கில் நிற்கச் சொல்லுமா?

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கட்டிலிலிருந்து எழும்பும்போது இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி இறங்குவது. திரீவீலில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுப்பது. ஒற்றைக் காலில் நின்று உடுப்புப் போடாமல் இருந்துகொண்டு போடுவது. தண்ணி வாளியையும் மூத்த பிள்ளையையும் தூக்குவது மாப்பிள்ளையின் வேலை. கிளினிக்கில் மிட்வைஃபிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். கண்டியிலும் பேராதனையிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் அது இருக்கிறது. பாமசியில் சொந்தமாக டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடிக்க வேண்டாம். கடைசி மாதங்களில் அது பிள்ளையின் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

இரத்தம் பட்டால், தண்ணி உடைந்தால், காய்ச்சலோ சலக்கடுப்போ வந்தால், நோவு விட்டு விட்டு ஒழுங்காக வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால் இது அந்த நோவல்ல. உடனே ஆஸ்பத்திரி.

"அவ்வளவு நோவென்றால் லீவு எடுக்கலாமே" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ லீவு 84 வேலை நாட்கள். அதை இப்போதே தின்றால் பிள்ளையோடு இருக்கும் நாள் குறையும். அதனால்தான் நொண்டிக்கொண்டு கண்டி - திகன பஸ்ஸில் ஏறி வருகிறார்கள். அந்த பஸ்ஸிலும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கையை விடாமல் இருப்பவர்கள் எங்கட ஊர்க்காரர்தான்.

புதுத் தவணை நேரசூசி இன்னும் முடியவில்லை. இந்த முறையும் எங்களில் பிள்ளைத்தாச்சிமார் இருக்கிறார்கள். திங்கட்கிழமை இடைவேளையில் நாங்கள் சேர்ந்து அதிபரிடம் போகிறோம், கீழ்மாடி வகுப்பும் ஒரு நல்ல கதிரையும் கேட்டு.